பொதுவில் வைத்த மூன்றாம் பாகம்

வக்கீல் குமாஸ்தாவாக இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் நான். குமாஸ்தா என்றால் கோர்ட் வளாகத்தில் எல்லோருக்கும் தெரியும். கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள், வாய்தா தேதியைக் குறிக்கிறவள், வக்காலத்தில் ஸ்டாம்பு ஒட்டுகிறவள். புத்தகம் வாசிக்கிறவள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். அதனால் என் வீட்டில் நானூறுக்கு மேல் பழைய புத்தகங்கள் இருப்பதைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "இதெல்லாம் யாரோடது?" என்றுதான். என்னோடதுதான். ஒவ்வொன்றும் நான் தேடி அலைந்து, கேட்டுக் கெஞ்சி, சில சமயம் சண்டை போட்டுக் கொண்டுவந்தது.

அதில் பாதி சட்டம், பாதி பௌத்தம். ஏன் இந்த இரண்டும் என்று கேட்டால் ஒரு பழைய பேப்பர் கடையைத்தான் காட்ட வேண்டும். கம்பத்தில் இருந்த அந்தக் கடையில், எடைக்குப் போட்டிருந்த கட்டுகளுக்கு நடுவில், வெள்ளைக்காரன் காலத்தில் பர்மாவில் நடந்த வழக்குகளின் தீர்ப்புத் தொகுப்பு ஒன்று கிடந்தது. பிழைக்கப் போய்த் திரும்பிய யாரோ தூக்கி வந்திருக்க வேண்டும். மறுநாள் வழக்குக் கூப்பிடும்வரை கோர்ட் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அதைப் பிரித்தேன். ஒரு பெண், புருஷன் செத்த பிறகு சொத்தில் பங்கு கேட்கிறாள். இரண்டு பக்கத்து வக்கீல்களும் பௌத்தச் சட்டம் அவளுக்கு என்ன கொடுக்கிறது என்று பக்கம் பக்கமாகச் சண்டை போடுகிறார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனவர் புத்தர் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்படிப் போனவர் பேரைச் சொல்லி ஒரு விதவை பாகம் கேட்கிறாள் என்றால், அந்த ஆளை நான் இன்னும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும் என்று தோன்றியது.

என் இங்கிலீஷ் டைப் அடித்து வந்த இங்கிலீஷ். பேச வராது. ஆனால் எவ்வளவு நீளமான வாக்கியமாக இருந்தாலும் அதில் யார் யாரை என்ன செய்யச் சொல்கிறார் என்று கண்டுபிடித்துவிடுவேன். அதற்குத்தானே சம்பளம் வாங்கினேன்.

வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மதம் மாறிட்டீகளா?" என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும். நாங்கள் இன்ன ஆட்கள்தானா, அல்லது இத்தனை நாள் தெரியாமல் எங்கள் வீட்டில் கை நனைத்துவிட்டார்களா என்ற கேள்வி. "இல்லை" என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிம்மதியாகக் காபி குடிப்பார்கள். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்வதில்லை. "வாசிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு டம்ளரை நீட்டுவேன். சிலர் வாங்கிக் குடித்தார்கள். சிலருக்கு அன்றைக்கென்று காபி ஆகாமல் போனது. என் நாத்தனார் ஒரு விசேஷத்தின்போது, அலமாரிக்கு முன்னால் ஒரு பட்டுச் சேலையைத் திரையாகக் கட்டிவிடலாம் என்று யோசனை சொன்னாள். சேலையைக் கட்டிக்கொண்டு நீயே முன்னால் நில் என்றேன். அவள் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை.

என் வீட்டுக்காரர் திராட்சை போட்டிருக்கிறார். புத்தகம் வாசிக்கிற ஆளில்லை. ஆனால் கொடிக்குத் தெளிக்க வாங்கிய மயில்துத்தத்தில் ஒரு சிட்டிகையை எடுத்து, மைதாப் பசை காய்ச்சும்போது போட்டுக் கொடுத்தது அவர்தான். அந்தப் பசையால் ஒட்டிய அட்டையைப் பூச்சி தொடவில்லை. "கொடிக்கு நோய் வந்தா மருந்து இருக்கு, ஒனக்கு வந்த நோய்க்குத்தான் இல்ல" என்பார். சொல்லிக்கொண்டேதான் மூன்றாவது அலமாரிக்கும் பலகை வாங்கி வந்தார்.

இனி நான் வெட்கப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வேலை பார்த்த வக்கீலின் அறையில் ஒரு கண்ணாடிப் பீரோ இருந்தது. அதன் மேல்தட்டில் தனியாக மூன்று தடித்த புத்தகங்கள். பிக்குகளும் பிக்குணிகளும் நடந்துகொள்ள வேண்டிய சட்டத்தின் பழைய இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, மூன்று பாகம். கொழும்பில் இருந்த ஒரு கட்சிக்காரர் அன்பளிப்பாகக் கொடுத்தது என்று கேள்வி. சாவி அவர் இடுப்பில் இருக்கும். ஒரு தடவை கேட்டேன். "ஒனக்கு எதுக்கும்மா அதெல்லாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டை எடுக்கச் சொன்னார். அவராவது வாசித்தாரா என்றால் அதுவும் இல்லை. அவர் இறந்த பிறகு பீரோவைத் திறந்தபோதுதான் பார்த்தேன். அந்தக் காலத்துப் பதிப்புகளில் தாள் மடிப்பை வெட்டாமலே தைத்து அனுப்புவார்கள், வாசிக்கிறவர்தான் கத்தியால் வெட்டிக்கொள்ள வேண்டும். மூன்று பாகத்திலும் ஒரு மடிப்புகூட வெட்டப்படவில்லை. எனக்குக் கிடைக்காமல் போன புத்தகத்தை அவரும் வாசிக்கவில்லை என்பதில் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் பெண், போடியில் பாத்திரக் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவர். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அடுத்த இரண்டும் ஆண்கள். பெரியவர் கூடலூரில் ஜீப்பும் ஏலக்காய் வியாபாரமுமாக இருப்பவர். சின்னவர் ஜெயமங்கலத்தில் விவசாயம். வீட்டுக்கும் நிலத்துக்கும் அக்காவிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். எங்கள் பக்கம் அது வழக்கம். கட்டிக்கொடுத்த பெண் வந்து, எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டு, ஒரு சேலை வாங்கிக்கொண்டு போவாள். நான் அப்படி எத்தனையோ பத்திரம் டைப் அடித்திருக்கிறேன்.

பிறகு தம்பிகள் இருவரும் ஆபீஸில் உட்கார்ந்து, பாத்திரம் பண்டம் கட்டில் பீரோ எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் போட்டார்கள். பழைய புத்தகம் லட்சக்கணக்கில் போகிறது என்று ஜெயமங்கலத்துக்காரர் போனில் எதையோ பார்த்து வைத்திருந்தார். அதனால் ஒருவருக்கொருவர் நம்பிக்கை இல்லை. சட்டத் தீர்ப்புத் தொகுப்புகளைப் பிரித்த அழகைக் கேளுங்கள். ஒற்றைப்படை வருடங்கள் அண்ணனுக்கு, இரட்டைப்படை வருடங்கள் தம்பிக்கு. ஒரு வழக்குக்கு மேற்கோள் தேட வேண்டுமென்றால் கூடலூருக்கும் ஜெயமங்கலத்துக்கும் பஸ் ஏற வேண்டும். கடைசியில் அந்த மூன்று பாகம் வந்தது. முதல் பாகம் அண்ணனுக்கு. இரண்டாம் பாகம் தம்பிக்கு. மூன்றாவதை என்ன செய்வது?

"கெணறு, பாதையெல்லாம் எப்படி எழுதுவோம்? அதே மாதிரி எழுதும்மா" என்றார் கூடலூர்க்காரர்.

எழுதினேன். மூன்றாம் பாகம் இருவருக்கும் பொதுவில் பாத்தியப்பட்டது. வருடத்துக்கு ஒருவராக, தை முதல் தேதி முறை மாற்றிக்கொள்ள வேண்டியது. ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் விற்கவோ கொடுக்கவோ கூடாது. பம்புசெட்டுத் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல ஒரு புத்தகத்துக்கு முறை வைத்து, என் கையாலேயே டைப் அடித்து, மூன்று நகல் எடுத்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்தேன். இதைப் பிரிக்கக் கூடாதண்ணே, இது ஒரே புத்தகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்சிக்காரர் சொல்வதை எழுது, வாயை மூடு என்று பழகிய வாய். அந்த அறையில் அந்தப் புத்தகத்தின் அருமை தெரிந்த ஒரே ஆள் நான்தான். நானே அதை மூன்று துண்டாக்கினேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள், வேறு வேலையாகக் கூடலூர் போனபோது, நேராக அவர் வீட்டுக்குப் போனேன். ஷோகேஸில் முதல் பாகம் இருந்தது. அதைக் கேட்டேன்.

"ஒனக்கு எதுக்கும்மா அது?" என்றார். அவர் அப்பா கேட்ட அதே கேள்வி.

"வாசிக்கண்ணே."

"வக்கீலுக்கே படிக்க நேரமில்ல. குமாஸ்தா படிச்சு என்ன செய்யப் போற?"

"வக்கீலுக்கு நேரமில்லாததாலதாண்ணே குமாஸ்தா படிக்கணும்" என்றேன். அவர் மனைவி உள்ளேயிருந்து சிரித்தார். பேரப்பிள்ளைகள் வாங்கிய பரிசுக் கப்புகளை வைக்க அந்த அம்மாவுக்கு இடம் வேண்டியிருந்தது. புத்தகம் என் பைக்குள் வந்தது.

அடுத்த வருடம் இரண்டாம் பாகத்துக்கு ஜெயமங்கலம் போனால், அதைப் பூஜை அறையில் வைத்திருந்தார்கள். இரண்டு வருடச் சரஸ்வதி பூஜை அதன்மேல் நடந்திருந்தது. தோல் அட்டை முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம். சந்தனத்தோடு தண்ணீரும் இறங்கி, முதல் பத்துத் தாளில் மஞ்சள் கறை. சாமி கும்பிட்டவர்களை என்னவென்று திட்டுவது? அவர்கள் அளவில் அது மரியாதை. எனக்கு மட்டும் வயிறு எரிந்தது.

"அப்பா ஞாபகமா வச்சிருக்கேன். குடுக்க முடியாது" என்றார் ஜெயமங்கலத்துக்காரர். அப்பா அதை ஒரு நாளும் திறக்கவில்லை என்று சொல்ல வந்த வார்த்தையை விழுங்கினேன். அவருக்கு ஒரு பட்டா மாறுதல் ஆறு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தது. மனுவை நானே எழுதி, நானே ஆபீஸ் ஆபீஸாக அலைந்து முடித்துக் கொடுக்கிறேன் என்றேன். அப்பா ஞாபகம் அதற்கு இணங்கியது.

இரண்டு பாகத்தையும் காய்கறிக் கத்தியால் வெட்டி வெட்டி வாசித்தேன். அதை எப்படிச் சொல்வது? இருபத்தாறு வருடமாக நான் சுமந்த கட்டுகளின் அச்சு அசல் அது. ஒருவன் ஒரு காரியம் செய்கிறான். ஊரார் முணுமுணுக்கிறார்கள். புகார் போகிறது. செய்தது உண்மையா என்று அவனையே கூப்பிட்டுக் கேட்கிறார்கள். ஆமாம் என்கிறான். விதி பிறக்கிறது. அப்புறம் வேறொரு ஆள் அதே விதியில் ஓட்டை கண்டுபிடிக்கிறான், திருத்தம் வருகிறது. நோயாளிக்கு விலக்கு, தெரியாமல் செய்தவனுக்கு விலக்கு. ஒரு விதியும் வானத்திலிருந்து விழவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மனுஷனின் கோளாறு இருந்தது. தியானம், அமைதி என்று பேசுகிற புத்தகங்களைவிட இந்தப் புத்தகத்தில்தான் எனக்கு அந்தத் துறவிகள் ஆட்களாகத் தெரிந்தார்கள். தாள் வெட்டி முடித்த நாளில், பெண்களுக்கான சட்டம் முழுதும் மூன்றாம் பாகத்தில் இருக்கிறது என்று பின்னால் ஒரு குறிப்பைப் பார்த்தேன்.

அதுதான் பொதுவில் கிடந்தது.

அந்த வருடம் அது கூடலூர் முறை. போய்க் கேட்டேன். "பொதுவுல உள்ளத நான் ஒத்தையில குடுத்தா அவன் கேஸ் போடுவான். அவங்கிட்ட மொதல்ல கையெழுத்து வாங்கிட்டு வா" என்றார். ஜெயமங்கலம் போனேன். "மொதல்ல அண்ணன் போடட்டும், நான் எதுக்கு முந்தணும்?" என்றார் இவர். அதற்குள் நிஜமான பொதுக் கிணற்றில் மோட்டார் வைப்பதில் இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. பேச்சு நின்ற அண்ணன் தம்பிக்கு நடுவில் முதலில் கையெழுத்துப் போடுகிறவன் தோற்றவன். நான் நான்கு தடவை பஸ் ஏறினேன். ஒரு தடவை பேப்பரில் இரண்டு கட்டம் போட்டு, ஒரே நேரத்தில் இரண்டு பேரும் போடுங்கள், நான் நடுவில் தேனி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன் என்றுகூடக் கேட்டுப் பார்த்தேன். இரண்டு பேருமே என்னைப் பைத்தியம்போலப் பார்த்தார்கள். ஷோகேஸில் வெட்டாத தாளோடு அந்தப் பாகம் நின்றுகொண்டிருந்தது. அதைப் படித்தே ஆக வேண்டும் என்ற ஆசை போய், இவர்களை விடக் கூடாது என்ற வீம்பு வந்திருந்தது. இரண்டும் சேர்ந்துதான் இருந்தது என்றும் சொல்லலாம்.

ஒரு சனிக்கிழமை, என்னிடம் இருந்த நகல்களை எடுத்து வரி வரியாகப் படித்தேன். கட்சிக்காரர் பக்கம் நின்று எழுதியதை எதிர்க்கட்சி கண்ணால் படிப்பது குமாஸ்தாவுக்கு வராத வித்தை இல்லை. அக்கா எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரத்தில் வீடு, நிலம், கிணறு, பாதை எல்லாம் சர்வே நம்பரோடு இருந்தது. அசையும் சொத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. புத்தகங்களும் அசையும் சொத்துதான், அவற்றில் அக்காவுக்கு மூன்றில் ஒரு பங்கு அப்படியே இருந்தது. அதை விட்டுவிட்டு "இருவருக்கும் பொதுவில்" என்று அடித்தது என் விரல்கள். அடிக்கும்போதே எனக்கு ஒரு நிமிடம் உறுத்தியது. உறுத்தலோடு அடித்தேன்.

மறுநாளே போடிக்குப் போனேன். கடைக்குப் பின்னால்தான் அக்கா வீடு. பித்தளைக் குடங்களுக்கு நடுவில் வழி விட்டு உள்ளே போய் உட்கார்ந்து, நகல்களை முன்னால் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"நீ டைப் அடிக்கும்போதே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சேதான் அடிச்சியா?"

"ஆமாக்கா. தப்புதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி நகல்கள்மேல் வைத்தார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "அந்தப் பீரோக் கண்ணாடிய கல்யாணமாகிற வரைக்கும் தெனமும் தொடச்சது நான்தான். உள்ள என்ன இருக்குன்னு கேட்டா, ஒனக்கு எதுக்கும்பாக" என்றார். பிறகு, "நாளைக்குக் கூடலூருக்கு எத்தன மணிக்கு பஸ்?" என்று கேட்டார்.

கூடலூர் வீட்டு வாசலில் அக்காவைப் பார்த்ததும் கூடலூர்க்காரர் எழுந்து நின்றார். "வாக்கா, வாக்கா, என்ன திடீர்னு?" அக்கா உட்காரவில்லை.

"ஏலே, அந்த மூணாவது புத்தகத்த எடு."

"எதுக்குக்கா?"

"எனக்கும் அதுல பாத்தியம் இருக்கு."

"நீதான் அப்பவே விடுதல எழுதிக் குடுத்துட்டியே."

"நெலத்துக்கும் வீட்டுக்கும் குடுத்தேன். புத்தகத்துக்கு எங்கலே குடுத்தேன்? காட்டு."

அவர் அக்காவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீ சொல்லிக் குடுத்தியாம்மா?"

"ஆமாண்ணே" என்றேன்.

"எங்கப்பா சோத்தத் தின்னுட்டு எங்களுக்கே குழி வெட்டுறியா?"

"சோறு திங்கலண்ணே. வேலை பார்த்தேன், சம்பளம் வாங்கினேன். வாயத் தொறக்காம இருந்ததுக்குச் சேர்த்து வாங்கியிருக்கேன்னு நீங்க நெனச்சா, அந்தக் கணக்கு தப்பு."

அவர் மனைவி கதவோரம் வந்து நின்றார். கூடலூர்க்காரர் வியாபாரி. சத்தம் போட்டுப் பயனில்லை என்று தெரிந்தால் பேரத்துக்கு இறங்கிவிடுவார். "சரிக்கா, மூணு பேருக்கும் பொதுவுன்னு வச்சுக்குவோம். தையில மொற மாத்திக்குவோம்" என்றார்.

"நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு மொற வச்சிருந்து பாத்துட்டீக. இப்ப எம் மொற" என்றார் அக்கா. அவரே ஷோகேஸைத் திறந்து, புத்தகத்தை எடுத்து, முந்தானையால் தூசியைத் துடைத்து, இடுப்பில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது மடியிலிருந்து இறக்கவில்லை.

தேனியில் இறங்கும்போது நான் கையை நீட்டினேன். அக்கா தரவில்லை.

"நானே வச்சுக்கிறேன். நீ அங்கன வந்து வாசி. வாசிச்சு எனக்கும் சொல்லு."

எனக்குச் சுருக்கென்றது. நான்தானே கண்டுபிடித்தேன், நான்தானே அலைந்தேன். என் அலமாரியில் இரண்டு பாகத்துக்குப் பக்கத்தில் ஒரு இடைவெளி விட்டு வைத்திருந்தேன். அந்த இடத்துக்கு என்ன சொல்வது? சேகரிக்கிறவர்களுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. புத்தகம் தன் பலகையில் நின்றால்தான் அது நல்ல இடத்துக்கு வந்துவிட்டதாக நினைப்பார்கள். எனக்கும் அது உண்டு, இருக்கிறது. தேனியிலிருந்து வீட்டுக்குப் போகும்வரை மனதுக்குள் அக்காவைத் திட்டினேன்.

அந்த வாரமே, பழைய வக்கீல் இறந்த பிறகு நான் சேர்ந்திருந்த புது வக்கீல் என்னைக் கூப்பிட்டார். கூடலூர்க்காரர் போன் செய்திருந்தார். ஆபீஸ் விஷயத்தை வெளியே சொன்ன குமாஸ்தாவை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள், போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வா, இதோடு விட்டுவிடலாம் என்றார். அவர் சொன்னதில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவரிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டேன். அதைச் சொன்னேன். வாய்தா டைரியையும் ஆபீஸ் சாவியையும் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சரி, கொடி கட்ட ஆள் வேணும், வர்றியா?" என்றார். அன்றைக்கு மட்டும் அழுதேன்.

வாரம் இரண்டு நாள் போடிக்குப் போகத் தொடங்கினேன். மத்தியானம் கடை அடைத்திருக்கும் நேரம். அக்கா தாளை வெட்டுவார், நான் வாசித்துத் தமிழில் சொல்வேன். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, பிக்குணிகளுக்கான பெரிய குற்றங்களில் ஒன்றுக்கு வந்தோம்.

ஒரு மனிதன் பிக்குணிகளுக்கு ஒரு கட்டடத்தைத் தானமாகக் கொடுக்கிறான். பிறகு செத்துப்போகிறான். இரண்டு மகன்கள். சொத்தைப் பிரிக்கும்போது அந்தக் கட்டடத்தையும் சேர்த்துப் பிரிக்கிறார்கள். ஒருவன் பங்கில் அது விழுகிறது. அவன் வந்து பிக்குணிகளை வெளியே போகச் சொல்கிறான். அதில் ஒருத்தி போக மாட்டேன் என்கிறாள். அதிகாரிகளிடம் வழக்குக்குப் போகிறாள். தானம் கொடுத்ததற்குச் சாட்சி என்ன என்று கேட்கிறார்கள். கொடுக்கும்போது பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நீங்கள்தானே என்கிறாள். அவர்களால் மறுக்க முடியவில்லை. கட்டடம் பிக்குணிகளுக்கே என்று தீர்ப்பாகிறது. தோற்றவன் வாய்க்கு வந்தபடி ஏசுகிறான், அதற்கு அபராதம் வேறு விழுகிறது. அதற்கப்புறம் ஊர் பேசுகிறது. பிக்குணி வழக்குப் போடலாமா என்று புகார் போகிறது. முடிவில் ஒரு விதி வருகிறது. இனி எந்தப் பிக்குணியும் வழக்காடக் கூடாது. வழக்காடினால் குற்றம்.

நான் புத்தகத்தை மடியில் கவிழ்த்தேன். துறவிகள் சொத்துக்காகக் கோர்ட் படி ஏறக் கூடாது என்பதில் ஒரு அர்த்தம் இருக்கத்தான் செய்கிறது, எல்லாவற்றையும் விட்டவர்கள் ஒரு கட்டடத்தை விட முடியாதா என்று, பல வருடம் அந்தப் புத்தகங்களோடு வாழ்ந்த பாசத்தில் அக்காவுக்கு விளக்கம் சொல்லப் பார்த்தேன். சொல்லும்போதே எனக்கு ஆத்திரமாக வந்தது. பிரித்தது மகன்கள், விரட்டியது மகன், ஏசியது மகன். விதி மட்டும் அவள் தலையில். புத்தர் பேரில் இருந்தாலும் சரி, யார் பேரில் இருந்தாலும் சரி, இது எனக்குச் சம்மதமில்லை. சம்மதமில்லை என்று சத்தமாகவே சொன்னேன்.

அக்கா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. கத்தியைக் கையில் பிடித்தபடி ஒன்று மட்டும் கேட்டார்.

"அந்தக் கட்டடம் என்னாச்சு? திருப்பிக் குடுக்கச் சொன்னாகளா?"

நான் மறுபடி புரட்டினேன். முன்னால் இரண்டு தாள், பின்னால் நான்கு தாள். அடுத்த மடிப்பையும் வெட்டச் சொல்லிப் பார்த்தேன். விதியின் விளக்கம் இருந்தது, விலக்குகள் இருந்தன. திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஒரு வரியும் இல்லை.

"எங்கயும் இல்லக்கா."

"அப்பச் சரி. விதிய அவுக எழுதிக்கிறட்டும்" என்று சொல்லிவிட்டு, அக்கா கடை திறக்க எழுந்து போனார்.

தை பிறந்த இரண்டாம் நாள் நான் போடியில் இருக்கும்போது போன் வந்தது. ஜெயமங்கலத்துக்காரர். பட்டியல்படி இது என் முறை, புத்தகத்தைக் கொடுத்தனுப்பு என்கிறார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார். பொதுவில் உள்ளதை ஒருவரே வைத்துக்கொண்டால் கேஸ் போட வேண்டியிருக்கும், அப்புறம் அக்கா என்று பார்க்க மாட்டோம் என்றது குரல். ஒரு விஷயத்தில் அண்ணனும் தம்பியும் மறுபடி பேச ஆரம்பித்திருந்தார்கள் என்பது அந்த 'மாட்டோம்' என்ற சொல்லில் தெரிந்தது. அக்கா போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"போடுலே. தாராளமாப் போடு. எந்தக் கோர்ட்டுன்னு சொல்லு, நானே வாரேன். எனக்கு இங்கன குமாஸ்தா இருக்கா."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்து, பதில் மனுவின் முதல் வரியை எழுத ஆரம்பித்தேன்.